வயதானால் அப்படித்தானா?

(ஜுரு ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் நலன் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்று, அரசுப் பணியில் சேர்ந்து, நாள்தோறும் முகப்பிடத்தில் பொதுமக்களைச் சந்தித்து வருகின்ற ஊழியன். தாய் தந்தையரைப் போற்ற வேண்டும் என்பதை இந்த அவையில் நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. அதை அறியாதவர் இங்கு எவரும் இலர். ஆனால், பெற்றோரைப் போற்றுகின்ற நல்ல குடும்பங்களிலேகூட, அவர்களுக்குக் கூடுதல் கவனிப்பு தேவைப்படும் காலம் வந்துவிட்டதை எவரும் உணராமல் மாதங்களும் ஆண்டுகளும் கடந்துவிடுகின்றன. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

இந்தத் தாமதத்திற்கு நம் வீடுகளில் வழங்கிவரும் ஒரு சொற்றொடர் முக்கியக் காரணம். "வயதானால் அப்படித்தான்" என்பதே அது. பாட்டி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், வயதானால் அப்படித்தான். அப்பா யாருடனும் பேசுவதில்லை, வயதானால் அப்படித்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார், வயதானால் அப்படித்தான். இச்சொற்றொடர் ஆறுதல்போல் ஒலிக்கிறது. உண்மையில் அது கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது.

நம் பெற்றோர் வாழ்ந்த தோட்டப்புறத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஜுருவைச் சுற்றி ரப்பரும் பின்னர் செம்பனையும் இருந்த காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கப்படும். வராதவர் யார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அது அன்பினால் நிகழ்ந்ததன்று, கூலிக் கணக்கிற்காக நிகழ்ந்தது. எனினும் ஆள் வராதது தெரிந்தது. மாலையில் லயத்து வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். ஒரு வீட்டில் அடுப்பு மூட்டப்படவில்லையென்றால் அடுத்த வீட்டார் எட்டிப் பார்ப்பர். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கிழவியின் கை நடுங்கத் தொடங்கினால், தோட்டத்துப் பெண்கள் அனைவருக்கும் அது தெரிந்திருக்கும்.

பின்னர் 1970களில் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014இல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலமும் வந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இன்று மகன் தீவில் வேலை செய்கிறார், மருமகள் பிறையில் மாற்றுநேர வேலை பார்க்கிறார், மற்றொரு பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார். காலை ஏழு மணிக்கு இரும்புக் கதவு பூட்டப்படுகிறது. உள்ளே தாத்தாவோ பாட்டியோ தனியே இருக்கிறார். வசதி பெருகியது, நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் கவனிக்கும் கண்கள் குறைந்துவிட்டன. லயத்தில் பலர் சேர்ந்து கவனித்ததை இன்று இருவர், பல வீடுகளில் ஒருவர், கவனிக்க வேண்டியிருக்கிறது.

சரி, எதைக் கவனிப்பது? பலரும் தம் தந்தையை அடுத்த வீட்டுத் தாத்தாவுடன் ஒப்பிடுகின்றனர். "அவருக்கும் 75 வயதுதான், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்" என்கின்றனர். இந்த ஒப்பீட்டால் பயனில்லை. ஒருவரை அவருடனேயே ஒப்பிட வேண்டும். சென்ற தீபாவளிக்கு அவர் செய்த எதை இந்தத் தீபாவளிக்குச் செய்யவில்லை? ஆண்டுதோறும் முறுக்குப் பிழியும் தாயார் ஒருமுறை உப்புப் போட மறந்தால் அது மறதி. மாவையும் அச்சையும் எதிரில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று விளங்காமல் நின்றால் அது வேறு. வாசலில் புள்ளி தவறாமல் கோலமிட்டவரின் கோடு இணையாமல் போனால், முதலில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். கண்புரையாக இருக்கலாம், அறுவைச் சிகிச்சையால் தீரக்கூடியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் உடனே நினைவு போயிற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொலைக்காட்சியின் ஒலி நாளுக்குநாள் கூடுகிறதா என்று பாருங்கள். காதில் அடைத்துள்ள குறும்பியை எடுத்ததும் "புத்தி தெளிந்த" பெரியவர்கள் உண்டு.

இதில் நம் குடும்ப முறைக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. நாம் அன்பினால் முதியவரின் வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம். "நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்கிறாள் மருமகள். மின்கட்டணத்தை மகன் கட்டுகிறான், மாத்திரையைப் பேத்தி எடுத்துக் கொடுக்கிறாள். இவ்வாறு எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால், அவரால் எதைச் செய்ய முடியவில்லை என்பது நமக்குத் தெரிவதே இல்லை. ஒருநாள் மருமகள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால்தான் உண்மை வெளிப்படுகிறது. ஆகவே அவரால் இயன்ற வேலைகளை அவரிடமே விட்டுவைப்பது நல்லது. அது அவருக்கும் நலம், நமக்கும் அளவுகோல்.

நேரடியாகக் கேட்டாலும் பதில் கிடைக்காது. பிறர்க்குச் சுமையாகக் கூடாது என்று வாழ்ந்த தலைமுறை அது. "உடம்பு எப்படி இருக்கு?" என்றால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். எனவே வீட்டைப் பாருங்கள். அடிபிடித்த பாத்திரம் பரணில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா? ஒரே பொருள் நான்கு பொட்டலங்கள் வாங்கப்பட்டிருக்கின்றனவா? மதியச் சாப்பாடு காப்பியும் பிஸ்கட்டுமாக மாறிவிட்டதா? சுகாதாரக் கிளினிக்கில் மாதந்தோறும் வாங்கிய மாத்திரைகள் மிஞ்சிக் கிடக்கின்றனவா, அல்லது மாதம் முடிவதற்கு முன்பே தீர்ந்துவிட்டனவா? மோட்டார் சைக்கிளில் புதிய கீறல்கள் இருக்கின்றனவா? சட்டை தளர்ந்து தொங்குகிறதா? முயலாமலே உடல் எடை ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் 5 விழுக்காடு குறைவது மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. 60 கிலோ எடையுள்ளவர்க்கு அது 3 கிலோ மட்டுமே.

நம் ஆலயத்திலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. அன்னதானப் பந்தியில் தரையில் அமர்ந்து உண்டவர் திடீரென்று "பசியில்லை" என்று வீட்டிற்குச் சென்றுவிடுகிறார். பசியில்லாமல் அல்ல, உட்கார்ந்தால் எழ முடியாது என்ற கூச்சம். கால் வலிமை குறைந்துவிட்டதன் அறிகுறி அது. மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய சோதனை வைத்திருக்கின்றனர். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று கொள்கின்றனர். 2018ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தோரில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் கீழே விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்த பின் பழையபடி நடக்க முடியாமற் போகும் முதியோர் பலர். குளியலறையில் கைப்பிடி பொருத்துவதற்கு ஒரு நாள் வேலை போதும். விழுந்த பிறகு பொருத்துவோரையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

அடுத்ததாக, பக்தர்களாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி. 2019ஆம் ஆண்டு ஆய்வில் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது தெரியவந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை, கந்த சஷ்டி, தைப்பூசம் எனப் பல விரதங்களை நம் பெரியோர் விடாமல் கடைப்பிடிக்கின்றனர். உணவை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடக்கூடும். கிளிகிளசைடு போன்ற சில மாத்திரைகளும் இன்சுலினும் இத்தகையவை. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், பொருந்தாப் பேச்சு ஆகியவை தோன்றும். கூட்டத்தில் அதை அருள் என்று எண்ணுவோரும் உண்டு, மயக்கம் என்று விசிறுவோரும் உண்டு. நினைவோடு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள். விரதம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பற்றிக் கேட்டுவிடுவதே முறை. விரதம் இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு இருங்கள் என்கிறேன்.

மறதி நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முன்னர்க் குறிப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய் இருக்கலாம் என்று கண்டறியப்பட்டது. இது முதுமையின் இயல்பு அன்று, மூளையைத் தாக்கும் நோய். அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1906ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்த நோயாளி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது 51 வயதுப் பெண்மணி. அந்த வயதை முதுமை என்று யார் சொல்வர்?

ஆனால் தடுமாற்றம் அனைத்தும் மறதி நோய் அல்ல. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று இடம் காலம் தெரியாமல் பேசினால், அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீர் வற்றுதல், புதிய மருந்து போன்றவற்றின் விளைவு. அதே நாளில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முகம் ஒருபக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சுமார் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகும்" என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருவதுதான் மறதி நோய். அதிலும்கூட, தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவை மறதிபோல் தோன்றக்கூடும். இவை இரத்தப் பரிசோதனையிலும் நல்ல மருத்துவரின் விசாரணையிலும் தெரிந்துவிடும், சிகிச்சையால் தேறவும் கூடும். துணையை இழந்த பின் பேச்சும் உணவும் குறைந்துபோன பெரியவரைத் "துக்கம் தானே ஆறும்" என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது நியாயமாகாது.

மறதி நோய் முற்றியவர்கள் சிலர் மாலை மயங்கியதும் "வீட்டுக்குப் போகணும்" என்பர். அவர் சொல்லும் வீடு, இப்போது தொழிற்சாலை நிற்கின்ற இடத்தில் முன்னொரு காலத்தில் இருந்த லயத்து வீடு. "இதுதானே உங்க வீடு" என்று வாதாடுவதால் பதற்றம் கூடுமேயன்றிக் குறையாது. அந்த வீட்டைப் பற்றியே அவரிடம் கேளுங்கள், பேசவிடுங்கள். எப்போதேனும் அவர் வெளியே சென்று காணாமற்போனால் உடனே காவல் நிலையம் செல்லுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம்.

மருத்துவரிடம் செல்லும்போது ஒரு தடங்கல் ஏற்படுவதுண்டு. பால் மரம் வெட்டிய நம் தாய்மார் பலர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். மலாயிலோ ஆங்கிலத்திலோ ஆண்டையும் தேதியையும் கேட்டால் விழிப்பர். அது நோயினாலா, கேட்ட மொழியினாலா என்பது மருத்துவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே மகளோ மகனோ உடன் செல்ல வேண்டும். சென்று, "அம்மாவுக்கு ஆங்கில மாதம் எப்போதுமே தெரியாது, ஆனால் ஆடியும் தையும் தெரியும், மூன்று மாதமாக அதுவும் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டும். இதற்கு ஒரு பள்ளிப் புத்தகம் போதும். நாள், நடந்தது என்ன என்று இரண்டு வரி எழுதி வாருங்கள். மருத்துவர்க்கு நீண்ட கதை கேட்க நேரமிருக்காது. அந்த இரண்டு வரிகளை அவர் படிப்பார்.

முகப்பிடத்தில் வேலை செய்கின்ற எனக்கு இன்னொன்றும் தெரியும். முதியோர் சிலரின் கைவிரல் ரேகையைக் கருவி ஏற்பதில்லை. உடன் வந்த பிள்ளைகள் "என்ன நோயோ" என்று கலங்குகின்றனர். அது நோயன்று. முதுமையாலும் பல்லாண்டு உழைப்பாலும் ரேகை தேய்ந்திருக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒரே மாதிரி இட்ட கையொப்பம் கோணிப்போவதும், படிவத்தில் தம் பிள்ளையின் பெயரை எழுதத் தயங்குவதும் கவனிக்கத் தக்கவை. தொலைபேசியில் யாரோ அதிகாரிபோல் மிரட்ட, ஓய்வுக்காலச் சேமிப்பை மாற்றிக் கொடுத்துவிடும் முதியோரும் உளர். பணம் போனதும் திட்டித் தீர்க்கிறோம். உடனே 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பின்னர், கணக்கில் கெட்டிக்காரராய் இருந்தவர் எவ்வாறு ஏமாந்தார் என்றும் விசாரிக்க வேண்டும்.

காலத்தே அறிந்துகொள்வதில் சட்ட நன்மையும் இருக்கிறது. பெற்றோர் தெளிவாக இருக்கும்போது கொடுக்கின்ற அதிகாரப் பத்திரம், பின்னர் அவர்தம் மனநிலை குன்றினால் செல்லாததாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அதன்பின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டிவரும். அதற்குப் பணமும் மாதங்களும் ஆகும். உயில், சேமநிதி வாரிசு நியமனம், நிலப்பட்டா ஆகியவற்றைப் பெரியவரே தம் வாயால் தம் விருப்பத்தைச் சொல்லக்கூடிய காலத்தில் முடித்துக்கொள்வது நன்று. இதைப் பேசுவது அமங்கலம் என்று தள்ளிப்போட்டு, பிறகு உடன்பிறந்தோர் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பது மட்டும் மங்கலமா?

உடன்பிறந்தோர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கவனிப்பின் பாரம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளில் விழுகிறது. மணமாகாத மகளோ, மூத்த மருமகளோ. கோலாலம்பூரிலிருந்து வரும் பிள்ளை இரண்டு நாள் தங்கிவிட்டு, "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெரிசுபடுத்துறே" என்கிறார். விருந்தினர் முன்னிலையில் முதியோர் தம் முழு வலிமையையும் திரட்டி நன்றாகவே பேசிவிடுவர். அவர் சென்ற பிறகுதான் சோர்ந்து விழுவர். இதன் மறுபக்கமும் உண்மை. தினமும் பார்ப்பவர் கண்ணுக்குப் படாத மெலிவு, ஆறு மாதம் கழித்து வருபவர் கண்ணுக்குப் படும். இருவர் சொல்வதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரவில் மூன்று முறை எழும் பெண்ணின் சொல்லுக்குச் சற்று அதிக எடை கொடுக்கலாம் என்பது என் கருத்து. வெளியூர்ப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு வாரமாவது வந்து பொறுப்பை ஏற்று, அப்பெண்ணை ஓய்வெடுக்க அனுப்பினால், அதைவிடப் பெரிய தீபாவளிச் சீர் அவளுக்கு வேறில்லை.

உதவி கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. சமூக நலத் துறை, வருமானமும் ஆதரவும் அற்ற 60 வயதைக் கடந்தோர்க்கு மாத உதவித்தொகை வழங்குகிறது. 2025ஆம் ஆண்டு அது 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. படுத்த படுக்கையாக இருப்போரைப் பராமரிப்பவர்க்குத் தனி உதவி உண்டு. சுகாதாரக் கிளினிக்குகள் சிலவற்றிலிருந்து தாதியர் படுக்கை நோயாளிகளை வீட்டிற்கே வந்து பார்க்கும் சேவை உண்டு. 2021ஆம் வரி ஆண்டிலிருந்து, பெற்றோரின் மருத்துவத்திற்கும் பராமரிப்பிற்கும் 8,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கோரலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். முதியோர் நடவடிக்கை மையங்களுக்குப் பகலில் சென்று வரலாம். படிவம் நிரப்பத் தெரியாதோர் திருவிழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். அது என் தொழில்.

நிறைவாக, நிர்வாகக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் வருகின்ற மூத்தோர் யார் யார் என்பது மகளிர் பிரிவினர்க்கு நன்றாகத் தெரியும். அவர்தம் பெயரையும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வெள்ளி தொடர்ந்து வராதவர் வீட்டிற்கு இருவர் பிரசாதத்துடன் சென்று, அடுக்களை வரை போய்ப் பார்த்து வரட்டும். பந்தியில் இரண்டு மேசைகளும் நாற்காலிகளும் போட்டு, அவற்றை ஓரத்தில் ஒதுக்காமல் மற்றவர் வரிசைக்கு அருகிலேயே வையுங்கள். குறிப்பேட்டை நானே வாங்கி வந்திருக்கிறேன். அதைத் தலைவர் அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கிறேன்.